வெளியூரில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவது: யாருக்குப் பழக்கம்?

#1 பஸ்_ஜன்னல்

வேலை விஷயமாகச் சென்னைக்குப் போகிறேன். அது முடிந்ததும் சொந்தக் காசில் மதுரை, அப்புறம் சிங்கப்பூர். தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: கோயிலும் கட்டடமும் மறந்துவிடுமாம், சாப்பாட்டுக் கடையில் எதிரே வந்து உட்கார்ந்த ஆளை மட்டும் மறக்கவே முடியாதாம். எனக்கோ கொழும்பிலேயே தனியாகக் கடைக்குப் போனால் சுவர்ப்பக்கக் கதிரையைத் தேடுகிற பழக்கம். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்து, எழும்பி வந்துவிடுவேன். யாரும் என்னோடு கதைப்பதில்லை, நானும் கதைப்பதில்லை, எல்லாருக்கும் நிம்மதி.

உண்மையிலேயே இதைச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்படித் தொடங்குவீர்கள், எப்படி முடிப்பீர்கள், பில்லை யார் கட்டுவது, எதிரே இருக்கிறவர் ஒரு விசரனாக இருந்தால் என்ன செய்வது? 'சும்மா சிரியுங்கள், தானாக வரும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

#2 மருதானை_நானா

தம்பி (தங்கச்சி என்றால் மன்னிக்கவும்), சிரிப்பை விடுங்கள். கடையைச் சரியாகத் தெரிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு பேர் மேசை, மங்கலான வெளிச்சம், தோல் உறை போட்ட மெனு இருக்கிற இடத்தில் நீங்கள் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும் யாரும் உங்களோடு கதைக்கப்போவதில்லை, கதைத்தால்தான் பயப்பட வேண்டும். கொழும்புப் புறக்கோட்டையில் பகல் பன்னிரண்டரைக்கு ஒரு சோற்றுக்கடைக்குள் போய்ப் பாருங்கள். காலி மேசை என்று ஒன்று அங்கே கிடையாது, காலிக் கதிரைதான் உண்டு. வெயிட்டரே கையைக் காட்டி ஓர் இடுக்கில் உட்கார வைத்துவிடுவார். ஒரு பக்கம் மூட்டை சுமக்கிற நாட்டாமி, மறுபக்கம் துணிக்கடை முதலாளி, எதிரே குருநாகலில் இருந்து மொத்தச் சாமான் எடுக்க வந்தவர். இருக்கலாமா என்று கேட்கவே தேவையில்லை. 'அந்தச் சாடியைக் கொஞ்சம் இந்தப் பக்கம்' என்று சொன்னால் அறிமுகம் முடிந்தது.

பின்னேரத் தேத்தண்ணி நேரம் இன்னும் சுகம். ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், மீன் பணிஸ் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். தின்றதை எண்ணித்தான் பில். மேசையில் இரண்டு மூன்று பேர் இருந்தால் எது யார் எடுத்தது என்று கணக்குச் சொல்லியே ஆகவேண்டும், வாயைத் திறக்காமல் எழும்ப முடியாது.

எங்கள் கலியாண வீடுகளில் சஹன் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர், மாப்பிள்ளையின் தூரத்துச் சொந்தக்காரரும் பெண்வீட்டுப் பக்கத்துக் கடைக்காரரும் ஒரே சோற்றில் கை வைப்பார்கள். கடைசி வரைக்கும் பெயர் தெரியாமலே போகலாம். ஆனால் யார் இறைச்சியை மற்றவர் பக்கம் தள்ளிவிடுகிறார், யார் வட்டிலப்பத்துக்காக வயிற்றில் இடம் வைத்திருக்கிறார் என்பது நன்றாகத் தெரிந்துவிடும். மனிதரைப் பற்றி அதைவிட என்ன தெரிய வேண்டும்?

#3 குறுக்குக்கேள்வி

நானா எழுதியது வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டாமி விடியற்காலையில் இருந்து மூட்டை இழுத்துவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்து சோறு தின்ன வந்த மனிதர். அவருடைய வாழ்க்கைக் கதையைக் கேட்டு இரவில் முகநூலில் படத்தோடு போடுகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது, எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். 'சுவாரசியமான மனிதரைச் சந்தித்தேன்' என்பார்கள். அவருக்கு நீங்கள் சுவாரசியமாக இருந்தீர்களா என்று யாராவது கேட்டார்களா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலிமுகத்திடலிலும் கோட்டைப் பக்கத்திலும் தனியாக நடக்கிற வெள்ளைக்காரரிடம் ஒருவர் வந்து கதைப்பார்: 'நான் உங்கள் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறேன், என்னைத் தெரியவில்லையா? இன்றைக்கு ஒரு நாள்தான் கங்காராமையில் யானைப் பெரஹரா.' கங்காராமை விகாரையின் நவம் பெரஹரா ஊர்வலம் வருடத்துக்கு ஒரு தடவை, பெப்ரவரிப் பௌர்ணமிப் போயாவை ஒட்டி நடப்பது. ஆனால் இவர்களிடம் அது தினமும் நடக்கும். முச்சக்கர வண்டியில் ஏற்றினால் கடைசியில் மாணிக்கக் கடையில்தான் இறக்குவார்கள். வந்தவருக்கு அந்த ஆளும் சிரித்த முகத்தோடு கதைத்த அந்நியர்தானே. சென்னையில் இறங்கினால் நீங்களும் அந்த வெள்ளைக்காரர்தான், நிறம்தான் வேறு.

#4 தனிவழி

மேலே எழுதிய இரண்டு பேரும் ஆண்கள் என்று வாசித்த உடனே தெரிகிறது. புறக்கோட்டைச் சோற்றுக்கடையில் ஆண்களுக்கு நடுவில் இருக்கிற அந்தக் காலிக் கதிரையில் நான் போய் உட்கார்ந்தால் மேசையில் கதை தொடங்காது, நிற்கும். ஆனாலும் தனியாகப் போய்ச் சாப்பிட்டுக் கதைப்பது எனக்கு நல்ல பழக்கம், வேறு விதமாகச் செய்கிறேன்.

முதலில் இடம். காசாளர் பக்கம், அல்லது குடும்பம் இருக்கிற மேசைக்குப் பக்கத்து மேசை. எங்கள் பக்கத்து ஹோட்டல்களில் மாடியில் 'குடும்ப அறை' என்று ஒன்று வைத்திருப்பார்கள், தமிழ்நாட்டிலும் பல கடைகளில் ஃபேமிலி ரூம் போர்டு தொங்கும். பெண் தனியாக வந்தால் கேட்காமலே அங்கே அனுப்பிவிடுவார்கள். பாதுகாப்புத்தான், ஆனால் மின்விசிறியும் நானுமாக இருந்து சாப்பிட வேண்டியதுதான். நான் 'இல்லை அண்ணை, கீழேயே இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவேன்.

அடுத்தது, தொடக்கம் என் கையில் இருக்க வேண்டும். யாராவது வந்து கதைக்கக் காத்திருந்தால் வருகிறவர் பெரும்பாலும் நாம் விரும்பாதவராகத்தான் இருப்பார். நானே போய் ஒரு வயதான அம்மாவிடமோ அக்காவிடமோ கறியைப் பற்றிக் கேட்பேன். 'அக்கா, நீங்கள் எடுத்திருக்கிறது என்ன?' என்ற கேள்விக்கு முகத்தைத் திருப்பிய பெண்ணை நான் இன்னும் காணவில்லை. யாழ்ப்பாணம் போகிற வழியில் கிளிநொச்சியிலோ, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ அம்மாச்சி உணவகத்துக்குப் போனால் இது தானாக நடக்கும். சமைப்பதும் பெண்கள், பரிமாறுவதும் பெண்கள், தோசை ஊற்றுவது கண்முன்னாலேயே, வாங்கில் யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பதே இல்லை. அங்கே ஒரு அக்காவோடு கூழைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கு மா) தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கசப்பெடுக்க வேண்டும், அவசரப்பட்டால் கூழ் முழுவதும் பாழ் என்று தொடங்கியவர், மாமியாருக்கும் தனக்கும் அந்தக் கூழாலேயே வந்த சண்டை வரைக்கும் சொல்லிவிட்டு, பஸ் ஹோர்ன் அடித்ததும் பாதியில் எழும்பி ஓடினார். மாமியார் என்ன சொன்னார் என்பது எனக்கு இனித் தெரியவராது.

எங்கே தங்கியிருக்கிறேன் என்பதை எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும் சொல்வதில்லை. கலியாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வி வந்தால் ஆகிவிட்டது, அவர் பின்னேரம் வருகிறார் என்பேன். பொய்தான். அதற்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சென்னையில் இருந்து மதுரைக்கு ரயிலில் போனால் ஒன்று: யார் தின்னக் குடிக்கத் தந்தாலும் வாங்காதீர்கள் என்று இந்திய ரயில்வேயே எச்சரிக்கிறது, மயக்க மருந்து கலந்து கொடுத்து உடைமையைத் திருடிய சம்பவங்களால்தான். ஆனால் அங்கே சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தால் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் சாப்பிடமாட்டார்கள், மறுத்தால் முகம் வாடும். அதனால் நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஏறி முந்திக்கொண்டு கொடுத்துவிடுவேன். உரிக்காத பழத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், கொடுத்தவர் என்பதால் நான் வாங்காததையும் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

#5 கொத்துச்சத்தம்

மதுரையில் கதை தொடங்க ஒரே வழி: இரவுக் கடையில் கொத்துப் பரோட்டா சொல்லிவிட்டு, 'எங்கள் ஊர்க் கொத்து இதைவிட நல்லது' என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஐந்து பேர் சண்டைக்கு வருவார்கள். சால்னாவில் தோற்றுப்போவீர்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

#6 கொச்சிக்கடை_காற்று

எல்லாரும் எப்படித் தொடங்குவது என்று எழுதுகிறீர்கள். எப்படித் தொடங்கக் கூடாது என்று நான் எழுதுகிறேன். 'எந்த ஊர்?'

தமிழ்நாட்டில் இது பஸ்ஸில் கேட்கிற சாதாரணக் கேள்வி, கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் பெரும்பாலும் பாரமில்லை. (முழுக்கப் பாரமில்லை என்றும் சொல்லமாட்டேன்.) கொழும்பில் ஒரு தமிழரிடம், அதுவும் ஐம்பது வயதைத் தாண்டியவரிடம், சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டுப் பாருங்கள், பதிலுக்கு முன்னால் ஓர் இடைவெளி விழும். பல வருடங்களாக அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சோதனைச் சாவடியில் நின்றவர்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜில் தங்கியவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் கொண்டு திரிந்த காலம் அது. 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை, முந்நூறு பேருக்கு மேல், காலையில் எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த லொட்ஜ்களுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடைகளில்தான் ஊரில் இருந்து வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், பிள்ளையைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்கள். நிறையக் கதைத்தார்கள், ஆனால் எதைக் கதைப்பது எதை விடுவது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போர் முடிந்துவிட்டதே என்பீர்கள். சரி, அடுத்த பக்கத்தையும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் சந்தித்தால் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, இன்னாரைத் தெரியுமா என்று கேள்வி சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சாதியை வாயால் கேட்கமாட்டார்கள், வரைபடத்தால் கேட்பார்கள். நல்லாகக் கதைத்துக்கொண்டிருந்த மனிதர் நான் ஊர் சொன்ன பிறகு தன் தேத்தண்ணியைக் கெதியாகக் குடித்து முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நான் ஊர் கேட்பதில்லை. சாப்பாட்டைக் கேட்பேன், வேலையைக் கேட்பேன், பஸ் தாமதத்தைத் திட்டுவேன். ஊரைச் சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்லுவார்.

#7 லண்டன்_குளிர்

கொச்சிக்கடை அண்ணை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இங்கே வேறு விதம். 'எங்கிருந்து' என்று கேட்பார்கள், லண்டன் என்றால் 'இல்லை, உண்மையில் எங்கிருந்து' என்பார்கள்.

மேசையைப் பகிர்ந்தால் கதை வரும் என்ற நானாவின் கருத்துக்கு ஒரு திருத்தம். ஹாங்காங்கின் சின்னத் தேநீர்க் கடைகளில் கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாத நாலு பேரை ஒரே வட்ட மேசையில் உட்கார வைப்பார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்கமாட்டார்கள், நூடுல்ஸைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே அதுதான் மரியாதை. மியூனிக் பியர்க் கூடங்களில் நீண்ட மேசைகள், 'இந்த இடம் காலியா' என்று கேட்டுவிட்டு யார் பக்கத்திலும் உட்காரலாம், ஒரு கிளாஸ் முடிவதற்குள் கதை தொடங்கிவிடும். ஆனால் அதே கூடத்தில் வாடிக்கையான ஆட்களுக்கென்று பலகை வைத்த மேசை ஒன்று இருக்கும், அதில் தெரியாமல் உட்கார்ந்தால் கதையே வேறு. ஆகவே போகிற இடத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்லது.

இதையே வாழ்க்கையாகச் செய்தவர் ஒருவர் இருந்தார், ஜிம் ஹேன்ஸ், பாரிஸில் குடியிருந்த அமெரிக்கர். 1970களின் கடைசியில் இருந்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் தன் வீட்டைத் திறந்து வைத்தார். முன்கூட்டியே சொல்லிவிட்டு யாரும் வரலாம், சாப்பாட்டுச் செலவுக்கு ஏதோ கொடுக்கலாம். அவருடைய முக்கிய வேலை வருகிறவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைப்பதுதான். 2021 ஜனவரியில் காலமானார். இப்போது ஈட்வித் மாதிரியான தளங்களில் காசு கட்டி உள்ளூர்க்காரர் வீட்டில் சாப்பிடலாம், மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அங்கே எதிரே இருப்பவரும் உங்களைப் போலவே டிக்கெட் எடுத்த பயணிதான்.

#8 தரவுப்பித்தன்

குறுக்குக்கேள்விக்கு: அந்நியரோடு கதைப்பது இனிமையா தொல்லையா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டது. சிகாகோவில் வேலைக்கு ரயிலில் போகிறவர்களில் ஒரு பகுதியினரைப் பக்கத்தில் இருக்கிற அந்நியரோடு கதைக்கச் சொன்னார்கள், ஒரு பகுதியினரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், மற்றவர்களை வழக்கம்போல விட்டார்கள். கதைத்தவர்கள்தான் பயணம் இனிமையாக இருந்தது என்று அதிகமாகச் சொன்னார்கள். இதையே முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது மக்கள் நேர்மாறாகத்தான் சொன்னார்கள்.

#9 குறுக்குக்கேள்வி

சிகாகோ ரயிலில் யாரும் யாருடைய சோற்றையும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. வாயில் கவளம் இருக்கிற மனிதனிடம் கேள்வி கேட்பது தனி அநியாயம், அதற்கும் ஓர் ஆய்வு நடத்தச் சொல்லுங்கள். தனிவழி அக்கா எழுதியதில் மட்டும் எனக்கு மறுப்பு இல்லை. கறியைப் பற்றிக் கேட்டால் அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிறீர்கள், வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் அவரைத் தோண்டுகிறீர்கள்.

#10 பஸ்_ஜன்னல்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. (நானா, தம்பிதான்.) ஊர் கேட்கக் கூடாது என்பது எனக்குப் புதிது, எங்கள் அப்பா ஏன் கடையில் வைத்து ஊர்க்கதை கதைக்கவே மாட்டார் என்பது இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது. பில்லையும் முடிப்பதையும் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

#11 மருதானை_நானா

முடிப்பது லேசு. கையால் சாப்பிடுகிற ஆட்களுக்கு அல்லாஹ் கொடுத்த வழி இருக்கிறது: கை கழுவ எழும்புங்கள். எழும்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்தால் கதைக்க விருப்பம், தொட்டியடியில் இருந்து நேரே காசாளரிடம் போனால் முடிந்தது. யாரும் கோபிக்கமாட்டார்கள். கரண்டியும் முள்ளுக்கரண்டியும் இருக்கிற கடையில்தான் எப்படி எழும்புவது என்று முழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பில் விஷயத்தில் சின்னக் கடை என்றால் பிரச்சினையே இல்லை, தேத்தண்ணிக் காசை ஒருவர் கட்டுவார், மற்றவர் 'அடுத்த தடவை என்னுடையது' என்பார், அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பெரிய ரெஸ்டோரண்ட் என்றால் ஓடர் கொடுக்கும்போதே வேறு வேறு பில் என்று வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். இங்கே 10 வீதம் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 18 வீதம் வற் வரியும் விழுந்த பிறகு பில்லைப் பார்த்தால் சொந்தத் தம்பியின் முகமே மாறும், முன்பின் தெரியாதவர் என்ன செய்வார்? ஆனால் அவர் வற்புறுத்திக் கட்டினால் ஒரு தரம் மறுங்கள், இரண்டாம் தரமும் மறுங்கள், மூன்றாம் தரம் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் இழுபட்டால் அவமரியாதை.

#12 டெக்கா_மேசை

சிங்கப்பூர் பற்றி யாரும் எழுதவில்லை, நான் அங்கே வேலை செய்தவன். ஹோக்கர் சென்டரில் (பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடம்) மேசை பகிர்வது சாதாரணம், கையைக் காட்டித் தலையை ஆட்டினால் போதும். ஆனால் மேசையில் டிஷ்யூ பக்கெட் ஒன்று தனியாகக் கிடந்தால் யாரோ விட்டுவிட்டுப் போனது என்று நினைக்காதீர்கள், இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரில் இருந்து இது சட்டம், முதலில் எச்சரிக்கை, பிறகும் செய்தால் அபராதம். கதைத்துக்கொண்டே அப்படியே எழும்பி வருவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம், அதனால் சொல்கிறேன்.

தமிழில் கதைக்க வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவில் டெக்கா சென்டருக்குப் போங்கள். ஞாயிறு என்றால் கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பங்களாதேஷ்காரர் எல்லாரும் லீவில் வந்து நிறைந்திருப்பார்கள். உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.

#13 தனிவழி

பெண்கள் யாராவது இதை வாசித்தால் வேறு நாளில் போங்கள், ஆறுதலாக இருந்து சாப்பிடலாம்.

#14 குறுக்குக்கேள்வி

அந்தப் பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரே ஒரு லீவு நாள். அன்றைக்கும் ஒருவர் போய் 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று உட்கார வேண்டுமா?

#15 டெக்கா_மேசை

மச்சான், அவர்கள் ஒன்றும் உன்னை மாதிரி இல்லை. வேலை நாளில் விடுதிக்குப் போகிற லொறியைப் பிடிக்க வேண்டும், மேற்பார்வையாளர் கூப்பிடுவார், கதைக்க நேரமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் நாலு மணி நேரம் உட்கார்ந்து கதைப்பார்கள். சிலோன் தமிழ் காதில் விழுந்தால் அவர்களே திரும்பி உன்னைக் கேள்வி கேட்பார்கள், சம்பளம் எவ்வளவு என்பது வரைக்கும். அனுபவம் சொல்லப்போவது அவர்கள் இல்லை, நீதான்.

#16 பஸ்_ஜன்னல்

டிக்கெட்டைப் பார்த்தேன். ஞாயிறு காலைதான் போய் இறங்குகிறேன்.